எழுபது சென்ட் பள்ளத்தை மண் அடித்து மேடாக்கலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். மதுராந்தகம் வட்டத்தில், வேடந்தாங்கல் ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் எங்களுக்கு நாலு ஏக்கர் நன்செய் இருக்கிறது. கணவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தெற்கு மூலையில் 70 சென்ட் பள்ளம். ஐப்பசியில் தண்ணீர் கட்டினால் தை வரை வடிவதில்லை. போன சம்பாவில் நட்ட பயிர் பதினைந்து நாள் மூழ்கிக் கிடந்து அழுகிவிட்டது. நாரையும் கொக்கும்தான் அங்கே நிற்கின்றன. "டிப்பரில் கிராவல் அடித்து மேடாக்கிவிடலாம் அண்ணி, தென்னை வைக்கலாம், இல்லையென்றால் மனையாகவே விற்றுவிடலாம்" என்கிறார் கொழுந்தனார். இரண்டு லோடு இறங்கியதும், "இது வெட்லேண்ட், ராம்சார் இடம், மண் கொட்டினால் கேஸ் வரும்" என்று தடுத்துவிட்டார்கள். என் சிட்டாவில் நன்செய் என்று இருக்கிறது. பழைய பத்திரத்தில் ஆங்கிலத்தில் 'வெட்லேண்ட்' என்றே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாலு ஏக்கரும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டதா? அரசு எடுத்துக்கொள்ளுமா? பள்ளத்தில் மீன் குட்டையாவது வெட்டலாமா? என் அண்ணனுக்குப் பக்கத்து ஊர் ஏரியின் உள்வாயில், அதாவது நீர் பரவும் உட்பகுதியில், 40 சென்ட் இருக்கிறது. அதற்கும் இதே சட்டம்தானா?

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் பயத்தில் பாதியைக் குறைத்துவிடுகிறேன். பத்திரத்தில் இருக்கும் வெட்லேண்ட் வேறு, ராம்சார் வெட்லேண்ட் வேறு. வெள்ளைக்காரர் காலத்து வருவாய்த் துறை நம் நன்செய்யை 'வெட்' என்றும் புன்செய்யை 'டிரை' என்றும் எழுதி வைத்தது. பாசனம் உள்ள நிலம், தீர்வை கூடுதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சுற்றுச்சூழல் சட்டம் சொல்லும் வெட்லேண்டைத் தமிழில் ஈரநிலம் என்று எழுதுகிறோம். ஏரி, சதுப்பு, கழிமுகம் போன்றவை அதில் வரும். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு அலுவலகங்களில் இரண்டு பொருளில் புழங்குகிறது. வேளாண் பொறியியல் வேலையில் நான் இருந்த காலமெல்லாம் இந்தக் குழப்பத்தால் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்திய அரசு 2017 செப்டம்பரில் கொண்டுவந்த ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளில், எது ஈரநிலம் என்று சொல்லும் இடத்திலேயே நெல் வயல்கள் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022இல் சேர்ந்தது உண்மை. ஆனால் வேடந்தாங்கலில் அந்தப் பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 40 எக்டேர்தான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்கள் வயல் அதற்குள் வராது.

ஆகவே உங்களைத் தடுத்தவர் சொன்ன காரணம் தவறு. தடுத்தது மட்டும் சரி. உங்கள் நிலத்தைத் தொடுகிற சட்டம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. அந்த வட்டத்துக்குள் வயல், வீடு, கோயில், கடைத்தெரு எல்லாம் இருக்கின்றன. அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று 2020இல் ஒரு யோசனை எழுந்து பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. "மூணு கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றும் இல்லை" என்று இப்போதும் ஊரில் சிலர் சொல்வதற்கு அதுதான் காரணம். நீங்கள் 5 என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவை ஒரு முறை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டுயிரையும் அதன் வாழிடத்தையும் அழிக்கக் கூடாது என்பதோடு, சரணாலயத்துக்குள் வருகிற, வெளியே போகிற நீரைத் திருப்பவோ நிறுத்தவோ கூட்டவோ கூடாது, செய்வதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது அது. பட்டா நிலத்தில் 70 சென்ட்டை மேடாக்குவது இந்த வரிக்குள் வருமா, வராதா என்று வழக்கறிஞர்கள் வாதம் செய்யலாம். அந்த வாதம் உங்கள் செலவில் நடக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரணாலயமாக அறிவித்ததால் மட்டும் பட்டா பறிபோகாது. சரணாலய எல்லைக்குள் இருக்கும் தனியார் உரிமையைத் தொடர விடுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு அது. உழுது பயிர் செய்துகொண்டிருங்கள். மனை போடும் யோசனையை மட்டும் கொழுந்தனாரிடம் உட்கார்ந்து பேசி விட்டுவிடச் சொல்லுங்கள். நன்செய்யை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்பது பொதுவாக உள்ள விதி. உங்கள் ஊருக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. சரணாலய அறிவிப்பு வந்த பிறகு வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ அல்லாமல் அந்த நிலத்தில் புது உரிமை யாரும் பெற முடியாது என்கிறது 20ஆம் பிரிவு. வாங்க வருகிறவர் இதையெல்லாம் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்கள் வாசலில் வந்து நிற்பார். விற்பதாக இருந்தால் முதலில் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.

சட்டம் இருக்கட்டும். சட்டமே இல்லை என்றாலும் அந்தப் பள்ளத்தில் மண் அடிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 சென்ட் என்பது சுமார் 30,500 சதுர அடி. இரண்டு அடி உயர்த்த 61,000 கன அடி மண், அதாவது 610 யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் இருநூறு நடைக்கு மேல் ஆகும். மழையில் அது அமுங்கினால் இன்னும் வேண்டும். அவ்வளவு பணம் செலவு செய்து, தலைமுறை தலைமுறையாக வண்டல் படிந்த களிமண்ணின் மேல் உயிரில்லாத கிராவலைப் பரப்பப் போகிறீர்கள். அடியில் நீர் நிற்பது நிற்கத்தான் செய்யும். வேர் நீரில் நிற்கும் தென்னை என்ன காய்க்கும்?

தண்ணீர்க் கணக்கு இதைவிடப் பெரியது. ஒன்றரை அடி நீர் நின்றால் அந்த மூலை மட்டும் ஏறக்குறைய 13 லட்சம் லிட்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. மேடாக்கினால் அது மறைந்து போகாது, பக்கத்து வயலுக்குப் போகும். பல வருடத்துக்கு முன் வேறொரு மாவட்டத்தில் இதே போல் 40 சென்ட்டை மேடாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த மழையில் அவருடைய பங்காளியின் மூன்று ஏக்கர் மூழ்கியது. இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. கடைசியில் அவரே ஜேசிபி வைத்து மண்ணை அள்ளினார், கொட்டியதைவிடக் கூடுதல் செலவில்.

சரி, பிறகு என்ன செய்வது? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இந்த ஒரு கேள்வியில் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ள நிலத்தைப் பற்றிக் கேட்கிற யாரும் இதைப் பார்க்காமலே தீர்வுக்குப் போய்விடுகிறார்கள்.

வருகிற ஐப்பசியில் பள்ளத்தின் நடுவில் ஒரு சவுக்குக் கம்பை ஊன்றி, அதில் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். மழை விட்ட பிறகு ஒரு வாரம் காலை ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். நாளுக்கு அரை சென்டிமீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே வந்தால், பெய்த மழைதான் தேங்கி நிற்கிறது, வெயிலில் மெல்லப் போகிறது என்று பொருள். மழையே இல்லாமல் மட்டம் அப்படியே நின்றால் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஏரிக்கரைக்குக் கீழே உள்ள நிலம் என்றால் கரைக் கசிவாக இருக்கலாம். மேட்டு வயல்களின் வடிகால் உங்கள் மூலையில் வந்து சேரலாம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே உபரி நீர் போகும் நாட்களில் மட்டும் திடீரென்று ஏறினால், போக்குக் கால்வாய் எங்கோ அடைபட்டிருக்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் பெரிதும் சந்தேகப்படுகிறேன். "கணவர் இருந்த காலத்தில் இவ்வளவு நாள் நிற்காதே" என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் நிலம் தாழவில்லை, வழி அடைபட்டிருக்கிறது. உங்கள் புல எண்ணுக்கும் சுற்றியுள்ள புல எண்களுக்கும் புல வரைபடம் எடுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ஊரின் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள். வாய்க்கால், ஓடை என்று தனி எண்ணில் ஏதாவது உங்கள் தெற்கு வரப்பை ஒட்டிப் போகிறதா என்று தேடுங்கள். பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போங்கள். எங்கே கோடு இருந்தும் வாய்க்கால் இல்லையோ அங்கே உங்கள் பள்ளத்தின் காரணம் கிடக்கும். ஒரு மண்பாதையோ, மனைப்பிரிவுச் சாலையோ, குழாய் போடாத பாலமோ, வெறும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரோகூட அதுவாக இருக்கலாம்.

அப்படி ஒன்று கிடைத்தால், உங்களைத் தடுத்த அதே சட்டம் உங்களுக்காகவும் பேசும். நீரை நிறுத்தக் கூடாது என்பது வாய்க்காலை மூடியவருக்கும் பொருந்தும். வாய்க்கால் நீர்நிலைப் புறம்போக்கு, அதில் யாருக்கும் உரிமை கிடையாது. வரைபட நகல், இரண்டு புகைப்படம், கம்பில் குறித்த நீர்மட்டக் கணக்கு மூன்றையும் இணைத்து வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஒரு நகல் வனச்சரக அலுவலகத்துக்கும் போகட்டும். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்களுக்கும் ஒரு நகல். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நான் பார்த்தவரை "வெள்ளம் வருகிறது, ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதும் மனு அப்படியே கிடக்கும், புல எண்ணோடு போகும் மனு நகரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வழி அடைபடவில்லை, நிலமே இயல்பாகப் பள்ளம் என்று தெரிந்தால், புதிதாக வடிகால் வெட்டி நீரை வெளியேற்றும் ஆசை வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி ஒரு வடிகாலுக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். ஒரு மீட்டர் ஆழம், நேர்கோடு. கார்த்திகையிலேயே நிலம் காய்ந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். சித்திரையில் கீழே இருந்த கிணறுகளில் நீர் இறங்கிவிட்டது. பள்ளத்தில் நின்ற நீர்தான் மூன்று மாதம் மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. வடிகாலை மறுபடி மூடினோம். அந்த ஊருக்கு நான் கடன்பட்டவன். இன்றும் பள்ள நிலம் பற்றி யார் கேட்டாலும் முதலில் அவர்கள் கிணற்றைப் பற்றிக் கேட்கிறேன். உங்கள் நாலு ஏக்கரில் கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

இனிப் பயிர். உங்களுக்கு இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது, இரண்டுக்கும் இரண்டு விதமான நெல் வேண்டும். பயிர் தலைக்கு மேல் முழுகி, பத்துப் பதினான்கு நாளில் நீர் இறங்கிவிடுகிறது என்றால் 'சிஆர் 1009 சப் 1' பொருந்தும். பழைய பொன்மணிதான், ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்த மூழ்கலைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். மூழ்கியதும் மேலே வர முயன்று சக்தியை வீணாக்காமல் பயிர் அடங்கி இருக்கும், நீர் வடிந்ததும் துளிர்க்கும். ஆனால் இரண்டு வாரம்தான் அதன் எல்லை. முழங்கால் நீர் மூன்று மாதம் நின்றால் அது உதவாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் 70 சென்ட்டில் நடப்பது இந்த இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது.

அதற்கு நம் பழைய உயர நெல்தான். நீலஞ்சம்பா, காட்டுயானம், மடுமுழுங்கி. ஏரிப் பாங்கான பள்ளங்களுக்கென்றே நம் முன்னோர் வைத்திருந்தவை. காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆறு மாதம் எடுக்கும். இவற்றை நாற்று விட்டு நடுவதைவிட ஆடிக் கடைசியில் அல்லது ஆவணியில் நேரடியாக விதைப்பது நல்லது. ஐப்பசி மழைக்குள் பயிர் இடுப்பளவு வளர்ந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். போன வருடம் உங்கள் பயிர் அழுகியதற்கு ரகம் பாதிக் காரணம் என்றால், நீர் வரும்போது இளம்பயிராக இருந்தது மீதிக் காரணம். விளைச்சல் குறையும், அதை மறைக்க மாட்டேன். உரமும் மருந்தும் கிட்டத்தட்ட இல்லாமல் வளரும், பாரம்பரிய அரிசிக்கு விலையும் உண்டு. முதல் வருடம் 70 சென்ட்டில் பாதியில் மட்டும் விதைத்துப் பாருங்கள். விதைக்குப் பாரம்பரிய நெல் திருவிழாக்களில் விசாரியுங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் நடத்தி வந்த விழாவைப் பார்த்துத்தான் பல ஊர்களில் அவை பெருகின.

அதுவும் வேண்டாம் என்றால் அந்த மூலைக்குச் சம்பாவை விட்டுவிடுங்கள். தண்ணீர் நிற்கட்டும். தையில் நீர் இறங்க இறங்க 'கோ 51' போன்ற குறுகிய கால ரகத்தை நவரைப் போகமாக நடுங்கள், அல்லது ஈரத்திலேயே உளுந்து தெளியுங்கள். மற்ற மூன்று ஏக்கர் முப்பது சென்ட்டில் சம்பா எடுக்கிறீர்கள். ஒரு மூலையில் ஒரு போகம் குறைவது, இருநூறு லோடு மண்ணின் செலவுக்குப் பக்கத்தில் பெரிய இழப்பாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நாரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலகின் நடுவே இடைவெளியோடு, சாம்பலும் கறுப்புமாக நிற்பது நத்தைக்குத்தி நாரை. கூடு வேடந்தாங்கல் ஏரி மரங்களில், சாப்பாடு உங்கள் பள்ளத்தில். அது தின்பது நத்தையையும் நண்டையும்தான், நெல்லை அல்ல. வரப்பைத் துளைத்து நீரை ஒழுகவிடும் நண்டு எவ்வளவு தொல்லை என்று உங்களுக்கே தெரியும். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேசிடம் அந்த ஊர் விவசாயிகள் போய், பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கி வந்தார்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சட்டமும் வருவதற்கு முன் அந்த ஏரியைக் காத்தவர்கள் நெல் விவசாயிகள். ஏரி மட்டும் இருந்தால் பறவை பிழைக்காது. சுற்றியுள்ள வயல்களில் நீரும் இரையும் இருந்தால்தான் குஞ்சு வளரும். 5 கிலோமீட்டர் என்று வைத்ததற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் நத்தைக்கும் நண்டுக்கும் குருணை மருந்து தூவாதீர்கள். கார்போபியூரான் குருணை பறவைக்குக் கொடிய விஷம். செத்த நண்டைத் தின்ற பறவையும் சாகும். சரணாலயத்துக்குள் காட்டுயிருக்குக் கேடு செய்யும் பொருளைப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். தாழைக்கோழி பயிரைச் சாய்க்கிறது என்றால் பளபளக்கும் நாடாவைக் குறுக்கே கட்டுங்கள், காற்றில் அது ஓசை எழுப்பும். வெடி மட்டும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் தீபாவளிக்கே வெடிப்பதில்லை, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்காக 13 லட்சம் லிட்டரைத் தன் பட்டாவில் பிடித்து வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. நீரைத் தாங்கும் விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. உங்கள் ஊர்க் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். நாலைந்து ஊர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

மீன் குட்டைக்கு வருகிறேன். பள்ளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் பத்து சென்ட் அளவுக்குக் குட்டை வெட்டி, அந்த மண்ணாலேயே சுற்று வரப்பை உயர்த்தி, வரப்பில் கீரையும் அகத்தியும் போடலாம். நல்ல முறைதான். ஆனால் வெட்டுவதற்கு முன் வனத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "வெட்டிக்கோங்க" என்று சொன்னவர் அடுத்த மாதம் மாறிப் போய்விடுவார். வெட்டிய மண் உங்கள் நிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் அது கனிமக் கணக்கில் வரும். கட்லா, ரோகு விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது லாபம் என்று சொன்னால் கேட்காதீர்கள். நாட்டில் தடை செய்யப்பட்ட மீன் அது. ஒரு வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும். பறவைகள் உங்கள் மீனில் பங்கு எடுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஏரி வண்டலை வாங்கிப் பள்ளத்தை நிரப்பலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வட்டாட்சியர் அனுமதியோடு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் எடுக்கலாம். பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அது சத்துக்காகக் கொடுப்பது. மற்ற மூன்று ஏக்கருக்குப் போடுங்கள், சொர்ணவாரிப் போகத்துக்கு நன்றாக இருக்கும். சரணாலய ஏரியில் கைவைக்க வேண்டாம், வேறு ஏரியில் எடுக்கலாம்.

அண்ணனின் 40 சென்ட் வேறு கதை. அவர் கையில் இருப்பது பட்டாவா, 'பி மெமோ' ரசீதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி மெமோ என்பது புறம்போக்கை ஆக்கிரமித்ததற்குப் போடும் தண்டனைக் கணக்கு. அதைக் கட்டிய ரசீதை உரிமைப் பத்திரம் என்று நம்பி இருப்பவர்கள் நிறைய. ரசீதுதான் என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி நோட்டீஸ் வரலாம். அதில் வீடோ கிணறோ போட்டுப் பணத்தை இழக்க வேண்டாம். உண்மையான பட்டா என்றால் நிலம் அவருடையது, ஏரி நிரம்பும்போது நீருக்கு இடம் விட்டு, வற்றிய பிறகு பயிர் செய்யலாம். உள்வாயில் தனிக்கரை போட்டு நீரைத் தடுப்பதும், நிலம் முழுகாமல் இருக்க இரவில் மதகைத் திறந்துவிடுவதும் கூடாது. பாசன ஏரிகள் 2017 விதிகளின் வரையறைக்கு வெளியே இருந்தாலும், 2.25 எக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று அதே 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த அந்தக் கணக்கில் நம் ஏரிகளும் இருக்கின்றன. அண்ணன் இதை அறிந்திருப்பது நல்லது.

இறங்கிய இரண்டு லோடு கிராவலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது அங்கேயே கிடக்கக் கூடாது. மழைக்கு முன் அள்ளி, வண்டி போகும் களத்துப் பாதையில் பரப்பிவிடுங்கள். அள்ளியதைப் படம் எடுத்து வைத்து, வனச்சரக அலுவலகத்தில் "அகற்றிவிட்டேன்" என்று ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

கம்பை ஊன்றிக் குறித்த அளவையும், கிணறு இருக்கும் மூலையையும், புல வரைபடத்தின் நகலையும் தை பிறந்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்த நெல் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.